‘சிக்கிட்’ என்று சொல்லாதீர்கள்: கீமோவின் பக்கவிளைவுகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

என் அம்மாவுக்கு மலாய் மொழியில் மிகவும் பிடித்த சொல் ‘சிக்கிட்’. கொஞ்சம் என்று பொருள். முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில், அதாவது தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் வரிசையில், நின்ற நாளிலிருந்தே, யார் எதைக் கேட்டாலும் இந்த ஒரு சொல்லை வைத்துச் சமாளித்துவிடுவார். முதுகு வலிக்கிறதா? சிக்கிட். காய்ச்சலா? சிக்கிட். பாம்பு கடித்தாலும் இவள் சிக்கிட் என்றுதான் சொல்வாள் என்று அப்பா கேலி செய்வதுண்டு. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து, தலைநகரில் ஒரு மருத்துவமனையில் கீமோ என்னும் மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது, இளம் டாக்டர் ஒருவர் வரிசையாகக் கேட்டார்: வாந்தி? வயிற்றுப்போக்கு? விரல் மரத்துப்போகிறதா? எல்லாவற்றுக்கும் அம்மா சிரித்த முகத்துடன் ஒரே பதிலைச் சொன்னார். டாக்டர் கணினியில் எதையோ தட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குத் தேதி கொடுத்துவிட்டார்.

அந்தப் பதில் எவ்வளவு ஆபத்தானது என்று எனக்கு அன்று தெரியாது. தெரிந்துகொள்ள ஆறு மாதம் ஆனது. இந்த ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டதை, கீமோ என்ற சொல்லை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கும் குடும்பத்துக்குப் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன். நான் மருத்துவன் அல்லன். செம்பனை ஆலையில் கணக்கு எழுதுகிறவன். உங்கள் வீட்டில் இருப்பவருக்குக் கொடுக்கும் மருந்து வேறாக இருக்கலாம். ஆகவே உங்கள் டாக்டரின் சொல்தான் முதலில். என் சொல் அதற்கு அடுத்துத்தான்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள். பலகை மாறியது, எங்கள் வாய் மாறவில்லை. சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. சின்னக் காய்ச்சல், சளிக்கு ஊரில் கிளினிக் உண்டு. கீமோ கொடுக்கும் மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காரில் போகவேண்டும். பெருநகரத்தில் இருப்பவர் சந்தேகம் வந்தால் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். எங்களைப் போன்ற தோட்டப்புறத்தார் ராத்திரி பதினொரு மணிக்கு, இது போகவேண்டிய சங்கதியா, காலை வரை பொறுக்கலாமா என்று சமையலறையில் நின்றுகொண்டு முடிவு செய்யவேண்டும். அந்த முடிவைச் சரியாக எடுக்க, கீமோ உடம்பில் என்ன செய்கிறது என்று கொஞ்சமாவது தெரிந்திருக்கவேண்டும்.

தோட்டத்தில் மருந்தடித்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. களைக்கொல்லி களையை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்வதில்லை. பட்ட இடத்தில் எது இளசாக, பச்சையாக இருக்கிறதோ அதைக் கருக்குகிறது. முதிர்ந்த தண்டு தாங்கிக்கொள்ளும், பக்கத்தில் நட்ட கன்று கருகும். புற்றுநோய் உயிரணுக்கள் நிற்காமல் பிரிந்து பெருகுபவை. பெரும்பாலான கீமோ மருந்துகள் அப்படி வேகமாகப் பிரியும் உயிரணுக்களைத்தான் தாக்குகின்றன. ஆனால் நம் உடம்பில் நல்ல உயிரணுக்களிலும் வேகமாகப் பெருகுபவை உண்டு. ரத்தத்தை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜை, வாயிலிருந்து ஆசனவாய் வரை உள்ள உட்தோல், முடியின் வேர் ஆகியவை. இவைதான் தோட்டத்தின் இளங்கன்றுகள். வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல், ரத்த அணுக்கள் குறைதல் என்று நாம் கேள்விப்படும் பட்டியல் முழுவதும் இந்த ஒரு காரணத்திலிருந்து பிறக்கிறது. நல்ல உயிரணுக்கள் மீண்டும் துளிர்த்துவிடும் என்பதால்தான் சுற்றுக்குச் சுற்று இடைவெளி விடுகிறார்கள்.

இந்த விளக்கத்துக்குள் அடங்காதவையும் உண்டு. சில மருந்துகள் நரம்பைத் தொடும். நரம்பு உயிரணு வேகமாகப் பிரிவதில்லை, இருந்தும் அடிபடும். இன்னும் சில தொல்லைகள் கீமோ மருந்தால் வருபவையே அல்ல. வாந்தி வராமல் தடுக்கவும் ஒவ்வாமை வராமல் காக்கவும் கூடவே கொடுக்கும் துணை மருந்துகளால் வருபவை. ‘எதிர்பாராதது’ என்று எங்களைத் திகைக்கவைத்த பெரும்பாலானவை இந்த இரண்டு வகைதான்.

அம்மாவுக்குக் கொடுத்தது இரண்டு மருந்து. ஆக்சாலிபிளாட்டின் என்பது முதல் நாள் டிரிப் வழியாக. கேப்சைட்டபின் என்பது மாத்திரை, காலையும் இரவும் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள், பதினான்கு நாள். பிறகு ஏழு நாள் ஓய்வு. ஆக 21 நாள் ஒரு சுற்று. ஊரில் நகைக்கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி சமையலறையில் தொங்கியது. ராகுகாலம், எமகண்டத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் 1, 2, 3 என்று 21 வரை என் மனைவி எழுதிவைத்தார். நாங்கள் செய்த எல்லாக் காரியத்திலும் உருப்படியானது இதுதான் என்பேன். ஏனென்றால் பக்கவிளைவுகளுக்குக் கிழமை உண்டு. குமட்டல் முதல் சில நாள். ரத்த வெள்ளையணு பெரும்பாலும் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் அடிமட்டத்துக்கு இறங்கும். மூன்றாம் வாரத்தில் உடம்பு தேறும். தேறியவுடன் அடுத்த டிரிப். ‘இன்று எத்தனையாம் நாள்’ என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல வெயில். வழியில் ஒரு கடையில் அம்மாவுக்குப் பிடித்த ஐஸ் மைலோ வாங்கினேன். ஒரு வாய் உறிஞ்சியவர் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடித் தூள் விழுங்கியதுபோல் இருக்கிறது, மூச்சு அடைக்கிறது என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில், வெதுவெதுப்பான தண்ணீர் குடித்ததும், சரியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியைத் திறந்து மீனை எடுத்தார். விரலெல்லாம் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்றதும் மீன் பொட்டலம் தரையில் விழுந்தது.

ஆக்சாலிபிளாட்டினின் குணம் இது. நரம்பைக் குளிருக்குக் கூச வைத்துவிடும். தொண்டை இறுகுவதுபோல் ஒரு மாயை. பெரும்பாலும் மூச்சுக்குழாய் உண்மையில் அடைபடுவதில்லை. ஆனாலும் மூச்சுத்திணறல் நீடித்தாலோ உதடு, முகம் வீங்கினாலோ அது வேறு விஷயம், ஒவ்வாமையாக இருக்கலாம், உடனே போகவேண்டும். குளிர்க் கூச்சம் வழக்கமாகச் சில நாள் இருந்து அடங்கும். சுற்றுகள் கூடக் கூட நாளும் கூடும். முப்பத்திரண்டு டிகிரி வெயில் அடிக்கும் ஊரில் குளிருக்குப் பயமா என்று சிரிக்கவேண்டாம். குளிர்பெட்டி, காரின் ஏர்கான், தொட்டியில் விடியற்காலைத் தண்ணீர், ஐஸ் கட்டி என்று குளிர் நம்மைச் சுற்றித்தான் இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கினோம். குளிர்பெட்டி என் பொறுப்பானது. வெந்நீர்ப் புட்டி எப்போதும் பக்கத்தில். சில கீமோ மருந்துகளுக்கு வாய்ப்புண் வராமல் இருக்க ஐஸ் கட்டியை வாயில் வைக்கச் சொல்வார்கள். அதே ஆலோசனையை ஆக்சாலிபிளாட்டின் ஏறும் ஆளுக்குச் சொல்லக்கூடாது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு உதவியது நமக்கும் உதவும் என்று எண்ணக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது விக்கல். இரண்டாம் நாள் ராத்திரி முழுவதும் விட்டுவிட்டு விக்கல். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி, நினைக்கக்கூடிய சொந்தக்காரர்கள் அத்தனை பேரின் பெயரும் தீர்ந்துபோனது. கூடவே தூக்கமும் இல்லை. நடுச்சாமம் இரண்டு மணிக்கு எழுந்து அலமாரித் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கன்னம் சிவந்திருந்தது. கையில் இருந்த கருவியில் சர்க்கரையைப் பார்த்தால், வழக்கமாக (மில்லிமோல் கணக்கில்) எட்டு ஒன்பது காட்டுவது 18 காட்டியது. எல்லாவற்றுக்கும் குற்றவாளி ஒன்றுதான்: வாந்தியைத் தடுக்கக் கொடுத்த டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. விக்கல், தூக்கமின்மை, முகச் சிவப்பு, சர்க்கரை ஏற்றம் நான்கும் அதற்குத் தெரிந்த வேலைகள்.

இதை நம் ஆட்களுக்கு அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. மலேசியத் தமிழர் வீடுகளில் சர்க்கரை நோயாளி இல்லாத வீட்டை எண்ணிவிடலாம். கீமோ நாளில் ஸ்டீராய்டு உண்டா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டீராய்டு போட்டால் சர்க்கரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் உச்சத்துக்குப் போகும்; வெறும் வயிற்றில் பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும். நாங்கள் காலையில் மட்டுமே பார்த்து முதல் நாள் ஏமாந்தோம். டாக்டரிடம் எண்ணைச் சொன்னதும், டிரிப்பை ஒட்டிய நாள்களுக்குச் சர்க்கரை மருந்தின் அளவை மாற்றி எழுதினார். ஸ்டீராய்டைக் காலையிலேயே போட்டுவிடும்படி நேரத்தையும் மாற்றியதில் தூக்கம் ஓரளவு திரும்பியது. மலச்சிக்கலும் இப்படித்தான். குமட்டலுக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் குடலை மந்தமாக்கும். கீமோ என்றால் வயிற்றுப்போக்கு என்று கேள்விப்பட்டிருந்த நாங்கள், நான்கு நாளாக ஒன்றுமே போகவில்லை என்றதும் விழித்தோம்.

நடுவில் ஒரு செய்தி. முதல் சுற்று முடிந்து பார்க்க வந்த உறவுக்காரர்கள் அம்மாவின் தலையைத்தான் பார்த்தார்கள். முடி அப்படியே இருந்தது. “முடி கொட்டவில்லையே, மருந்து வேலை செய்கிறதா?” என்று ஒரு சித்தி என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். எல்லாக் கீமோவும் மொட்டை ஆக்குவதில்லை. அம்மாவுக்குக் கொடுத்த மருந்துகளால் முடி கொஞ்சம் அடர்த்தி குறையும், அவ்வளவுதான். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாக்சோரூபிசின் போன்றவைதான் முழுதாக உதிர்க்கும். (அந்த மருந்து சிறுநீரையும் ஓரிரு நாள் சிவப்பாக்கும். ரத்தம் என்று பயப்படவேண்டாம், மருந்தின் நிறம் அது.) பக்கவிளைவு கடுமையாக இருந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது, லேசாக இருந்தால் செய்யவில்லை என்ற கணக்கே தவறு. அந்தக் கணக்கை நம்புகிறவர்தான் வேதனையைப் பல்லைக் கடித்துத் தாங்குவார். எதிர்வீட்டு அக்காவுக்கு முடி முழுதும் போனது. கடைத்தெருவில் பத்துமலை முருகனுக்கு வேண்டுதலா என்று கேட்டார்கள். அவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். கேள்வியும் முடிந்தது, பேச்சும் முடிந்தது.

இனி, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்கிறவர் படிக்கவேண்டிய இடத்துக்கு வருகிறேன். காய்ச்சல்.

நம் ஊர்ப் பழக்கம் என்ன? காய்ச்சல் என்றால் பனடோல் (பாராசிட்டமால்) இரண்டு. மூன்று நாள் பார்ப்பது. விடவில்லை என்றால் டெங்கியா என்று ரத்தம் எடுப்பது. மற்றவருக்கு அது எப்படியோ போகட்டும். கீமோ எடுப்பவருக்கு 38 டிகிரி தொட்டால் அது நெருப்பு பிடித்த வீடு. காரணம் வெள்ளையணு. கிருமியை எதிர்த்து முதலில் ஓடிவரும் நியூட்ரோஃபில் என்ற அணு, நல்ல உடம்பில் ரத்த அறிக்கையில் (ஒரு மைக்ரோலிட்டருக்கு ஆயிரக் கணக்கில்) ஏறக்குறைய 2 முதல் 7 வரை இருக்கும். கீமோவுக்குப் பிறகு அது 1க்குக் கீழே, சிலருக்கு 0.5க்கும் கீழே இறங்கும். அப்போது உடம்புக்குள் நுழைந்த கிருமியை எதிர்க்க ஆள் இல்லை. சீழ் வைக்காது, சளி கட்டாது, தொண்டை சிவக்காது; அதையெல்லாம் செய்வதே அந்த அணுக்கள்தான். பல நேரம் வெளியில் தெரியும் ஒரே அடையாளம் காய்ச்சல்தான். சில மணி நேரத்தில் கிருமி ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் மருத்துவமனையில் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தநாளம் வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றப் பார்க்கிறார்கள். பனடோல் போட்டால் அந்த ஒரே அடையாளமும் மறைந்துவிடும். முதலில் வெப்பமானி, பிறகு தொலைபேசி. மாத்திரை டாக்டர் சொன்னால் மட்டும். வெப்பமானியில் காட்டாவிட்டாலும் உடம்பு உதறலெடுத்து நடுங்கினால் அதுவும் காய்ச்சல்தான்.

அம்மாவுக்கு மூன்றாம் சுற்றில், பத்தாம் நாள் வந்தது. தொலைக்காட்சியில் தொடர் முடிந்து எழுந்தவர் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். தொட்டுப் பார்த்தேன், சுடுகிறது. கேட்டால் சிக்கிட். வெப்பமானி 38.3. நாள்காட்டியைப் பார்த்தேன், சிவப்பில் 10. மணி பதினொன்று. அம்மா காலையில் போகலாம் என்றார், நீ நாளை வேலைக்குப் போகவேண்டுமே என்று எனக்காக வாதாடினார். அதற்குள் மனைவி பையை எடுத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தார். கிட்டத்தில் இருந்த ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். முகப்பில் இருந்தவர், சாதாரணக் காய்ச்சல்காரர்களோடு வரிசையில் உட்காரச் சொன்னார். நான் முதலில் காய்ச்சல் என்று மட்டும் சொன்னதுதான் பிழை. திரும்பப் போய், “கீமோ எடுக்கிறார், இன்று பத்தாம் நாள், 38.3” என்று மருந்துகளின் பெயர் எழுதிய அட்டையை நீட்டினேன். நாற்காலியில் உட்காரும் முன்பே உள்ளே அழைத்துவிட்டார்கள். நியூட்ரோஃபில் 0.4. ஆறு நாள் வார்டில் இருந்தார். அந்த அட்டை இன்னும் என் பணப்பையில் இருக்கிறது. உங்களிடம் அப்படி ஓர் அட்டை இல்லை என்றால், நோயின் பெயர், மருந்துகளின் பெயர், கடைசிக் கீமோ தேதி, மருத்துவமனைத் தொலைபேசி எண் நான்கையும் ஒரு தாளில் எழுதி இன்றே கைப்பையில் வையுங்கள். தொலைதூரத்தில் உள்ளவர்கள் தங்கள் பெரிய மருத்துவமனைக்குத்தான் போவேன் என்று அடம் பிடிக்கவேண்டாம். முதல் ஊசி கிட்டத்தில் எங்கே கிடைக்குமோ அங்கே போகவேண்டும். வண்டி இல்லையென்றால் அவசர எண் 999.

டெங்கியாகவும் இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம், அதையும் அங்கேதான் பார்ப்பார்கள். வீட்டில் இருந்துகொண்டு இதுவா அதுவா என்று யோசிப்பதில் பயனில்லை.

அந்த நடு வாரத்தில் உணவில் கொஞ்சம் கெடுபிடி தேவை. நன்றாக வேகாத எதுவும் வேண்டாம்: காப்பிக் கடை அரைவேக்காட்டு முட்டை, பச்சையாகத் தின்னும் ஊலாம் இலைகள், வெட்டி வைத்து ஈ மொய்த்த பழம். அம்மாவோடு பெரிய சண்டை பழைய சோற்றுக்குத்தான். குடலுக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். நல்ல உடம்புக்கு நல்லதாக இருக்கட்டும். ராத்திரி முழுவதும் வெளியில் கிருமி வளர்ந்த சோற்றை எதிர்ப்புச் சக்தி இல்லாத ஆளுக்குக் கொடுக்கக்கூடாது. சூடான கஞ்சியோடு சமாதானம் ஆனோம்.

கைமருந்துச் சங்கதியும் இதோடு சேர்ந்ததே. முள்சீத்தா இலைக் கஷாயம், சாபா பாம்புப் புல், என்னென்னவோ பொடி என்று வீடு தேடி வந்தன. கொண்டுவந்தவர்கள் எல்லோரும் அன்பால் கொண்டுவந்தவர்கள், அதில் சந்தேகமில்லை. ஒரு பெரியவர் எங்கள் வாசலில் பூத்திருந்த நித்தியகல்யாணியைக் காட்டி, புற்றுநோய்க்கு மருந்தே இதிலிருந்துதான் எடுக்கிறார்கள், அவித்துக் கொடு என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்துகள் அந்தச் செடியிலிருந்து பிறந்தவைதான். அதனாலேயே அதை அவித்துக் குடிக்கக்கூடாது! மருத்துவமனையில் ஆளின் உயரம், எடை பார்த்து மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுப்பதை, நாம் பிடி இலையைக் குத்துமதிப்பாகக் கொதிக்கவிட்டு, ஏற்கனவே அடிபட்ட மஜ்ஜைக்கு மேலே ஊற்றினால் என்ன ஆகும்? ரசத்தில் போடும் மஞ்சளும் இஞ்சியும் உணவு; அதை யாரும் தடுக்கவில்லை. புட்டியில், குளிகையில் வருவது எதுவானாலும் டாக்டரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டபிறகே.

வாய்ப்புண்ணுக்குப் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா; சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்பவேண்டும். புளி, மிளகாய் கொஞ்ச நாள் ஒதுங்கட்டும். எல்லாமே இரும்புபோல் ருசிக்கிறது என்றால் எவர்சில்வர் கரண்டியை விட்டு மரக்கரண்டிக்கு மாறினால் சிலருக்குத் தேவலை.

வயிற்றுப்போக்கில்தான் ‘சிக்கிட்’ எங்களைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தது. நான்காம் சுற்றில் இரண்டு நாளாகக் கொஞ்சம் போகிறது என்றார். எத்தனை தடவை என்று விரல்விட்டு எண்ணச் சொன்னபோது எட்டு. கேப்சைட்டபின் சாப்பிடுபவர், ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனாலோ, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனையைக் கூப்பிடவேண்டும் என்று மிஸ்ஸி (தாதி) கொடுத்த தாளில் இருந்தது. மாத்திரையை நிறுத்துவது பாவம் என்று அம்மா நினைத்தார். தவறிய வேளையைச் சேர்த்து இரண்டாகப் போடுவதுதான் ஆபத்து. சொல்லிவிட்டு நிறுத்துவது சிகிச்சையின் ஒரு பகுதி. இந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அப்படிப்பட்டவருக்கு முதல் சுற்றிலேயே வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் அளவுக்கு மீறி வரும். ஆகவே முதல் சுற்றில் கூடுதல் கவனம் வேண்டும். இன்னொன்று: இதே மாத்திரை அபூர்வமாக இதயத்து ரத்தக்குழாயை இறுக்கும். நெஞ்சு வலித்தால் வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காரக்கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அதற்கும் காத்திருக்கக்கூடாது.

ஐந்தாம் சுற்றில் உள்ளங்கை சிவந்து, தோல் உரிந்து, கைரேகை மங்கத் தொடங்கியது. அது மாத்திரையின் வேலை. சுடுதண்ணீரும் அழுத்தித் தேய்க்கும் வேலையும் ஆகாது. யூரியா கலந்த களிம்பு தடவி, மெத்தென்ற செருப்புப் போட்டோம். அம்மாவுக்கு வங்கியில் ஒரு வேலை இருந்தது. மைகார்டை (அடையாள அட்டையை)ப் போட்டுக் கட்டைவிரலை வைத்தால் கருவி ஏற்கவில்லை. இடது கை, வலது கை, ஈரத்துணியால் துடைத்து மறுபடி, ஒன்றும் நடக்கவில்லை. இது நம் கதை மட்டுமல்ல. இதே மருந்து சாப்பிட்ட சிங்கப்பூர்க்காரர் ஒருவரை, ரேகை இல்லை என்று 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். அடுத்த ஆண்டு மருத்துவ இதழ் ஒன்றில் அது வெளிவந்தது. வங்கி, பயணம் என்று வேலை இருந்தால் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மருந்தை நிறுத்தியபின் பெரும்பாலும் ரேகை திரும்பிவிடும்.

வீட்டில் கவனித்துக்கொள்பவர்களுக்கு ஒன்று. டிரிப் ஏறியபின் ஏறக்குறைய இரண்டு நாள் சிறுநீர், வாந்தி முதலியவற்றில் மருந்து கலந்து வரும். கையுறை போட்டுச் சுத்தம் செய்யவேண்டும். கழிவறைத் தொட்டியின் மூடியைப் போட்டுவிட்டு இரண்டு முறை தண்ணீர் விடவேண்டும். அழுக்கான துணியைத் தனியாகத் துவைக்கவேண்டும். கர்ப்பிணிப் பெண் அந்த வேலையில் இறங்கவேண்டாம்.

இனி நரம்பு மரத்துப்போவது. குளிர்க் கூச்சம் வந்து போவது. இது வந்து தங்குவது. ஆக்சாலிபிளாட்டின் உடம்பில் சேரச் சேர விரல் நுனியும் பாதமும் மதமதக்கும். கால் தரையில் பதிந்ததா என்று தெரியாது, சூடு தெரியாது. டாக்டருக்கு இதில் ஒரு தராசு உண்டு: மதமதப்பு அன்றாட வேலையைத் தடுக்கிறதா இல்லையா? தடுக்கவில்லை என்றால் தொடரலாம். தடுத்தால் அளவைக் குறைப்பார், இல்லையேல் அந்த மருந்தை மட்டும் நிறுத்தி மற்றதைத் தொடர்வார். ஏனென்றால் எல்லை தாண்டிய நரம்பு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் கூடிக்கொண்டே போவதும் உண்டு. அளவைக் குறைப்பதைத் தோல்வி என்று நினைத்து மறைப்பவர்கள் இங்கேதான் விலை கொடுக்கிறார்கள்.

ஆறாம் சுற்றுக்கு முந்திய பரிசோதனை. டாக்டர் வழக்கம்போல, “ஆடா கெபாஸ்?” என்று கேட்டார். மரத்துப்போகிறதா என்று. அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் குறுக்கிட்டேன். கை மரியாதையாக மடியில் இருக்க, என்னை ஒரு முறை முறைத்தார். கங்காணியை முறைத்த அதே பார்வை. நான் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா வெள்ளிக்கிழமைதோறும் சாமி படத்துக்கு மல்லிகை கட்டுவார். இரண்டு வாரமாக நூலை விரலால் பிடிக்க முடியவில்லை. பூ கட்டவில்லை.” டாக்டருக்குப் பூ கட்டுவது என்னவென்று முதலில் விளங்கவில்லை. அம்மாவே கையைத் தூக்கி, இல்லாத நூலில் இல்லாத பூவை வைத்து முடிச்சுப் போட்டுக் காட்டினார். முடிச்சு விழவேண்டிய இடத்தில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தேடின. டாக்டர் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டார். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, சாவி திருப்ப முடிகிறதா, செருப்பு கழன்றது தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அன்றோடு டிரிப் நிறுத்தப்பட்டது. மீதிச் சுற்றுகள் மாத்திரை மட்டும்.

சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் வங்கிக் கருவி அம்மாவின் ரேகையை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. பாதம் இன்னும் முழுதாகத் தேறவில்லை. வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டுத்தான் குளிக்கிறார். பூ கட்டத் தொடங்கியிருக்கிறார். நெருக்கம் போதவில்லை, நடுநடுவே நூல் தெரிகிறது. எவ்வளவு தேறியிருக்கிறது என்று கேட்டேன். முழத்தை என் முன்னால் நீட்டி, எண்ணிக்கொள் என்றார்.